ஜன்னல் வீட்டுக்காரர் பதினொரு பேர்

செல்லக்கண்ணுவுக்கு ஜப்பான் எழுத்தில் ஒரே ஒரு பெயர் தெரியும். வாசிக்கத் தெரியாது, பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார். நாலு கண்ணாடி பதித்த ஜன்னல் மாதிரி மேலே ஒரு கட்டம். அதற்குக் கீழே, நடுவில் கம்பி பாய்ந்த ஒரு பெட்டி.

பர்மாவில், மாவ்பி போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது அந்தக் கல்லறைத் தோட்டம். போரில் செத்துப்போன ஜப்பான்காரர்களுக்காக அவரவர் குடும்பத்தார் நட்ட கற்கள் முந்நூற்றுச் சொச்சம் அங்கே நின்றன. கூட்டுவது, புல் வெட்டுவது, கல்லில் பிடித்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்ப்பது எல்லாம் செல்லக்கண்ணுவின் வேலை. வாசலை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருப்பு. சேர்ந்த இரண்டாம் வருஷம், தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான், அந்த ஜன்னலும் பெட்டியும் பதினொரு கற்களில் இருப்பதைக் கவனித்தார். மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"ஒரே வீட்டுல பதினொரு பேரா?" என்றாள் கனகாம்பாள். "பெத்தவ என்ன பாடு பட்டாளோ."

ஜன்னல் வீட்டுக்காரங்க என்று பேர் வைத்தவள் அவள்தான். உயரமான கல்லைப் பெரியண்ணன் என்றாள். சுவரோரம் சாய்ந்து நின்ற குட்டைக் கல்லைக் கடைக்குட்டி என்றாள். மற்றக் கற்களைவிட இந்தப் பதினொன்றுக்கும் பூ கொஞ்சம் கூடுதலாகப் போகும். செல்லக்கண்ணுவுக்கும் கனகாம்பாளுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

செல்லக்கண்ணுவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளவும் அதிகம் பேர் கிடையாது. அப்பா மாரிச்சாமி மாவ்பிப் பக்கம் வயல் கூலி. அறுபதுகளில் பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் பர்மாவை விட்டுக் கப்பலேறி ஊருக்குத் திரும்பியபோது, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று சொல்லி நின்றுவிட்டவர். அந்த அடுத்த கப்பலில் அவர் ஏறவே இல்லை. சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. செல்லக்கண்ணு அரிசி மில்லில் மூட்டை சுமந்தார். முதுகு போன பிறகு நாற்பது வயதில் இந்த வேலைக்கு வந்தார்.

கொரோனா மூன்றாவது தடவை வந்த மழைக்காலத்தில், கனகாம்பாள் மூச்சுத் திணறி நாலு நாளில் போய்விட்டாள். அவள் தம்பி சின்னத்தம்பி தன்லியினில் இருந்தான். ஊரே அடைந்து கிடந்ததால் அவனால் வந்து சேர முடியவில்லை. போனில் மட்டும், "எங்கக்காவ நீங்க சரியாப் பாக்கல மச்சான்" என்றான். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை.

ஜப்பானிலிருந்து வருகிறவர்களும் நின்றுபோனார்கள். நாளெல்லாம் பேச ஆளில்லாமல், கூட்டிக்கொண்டே அந்தப் பதினொரு கற்களோடு பேச ஆரம்பித்தார். இன்றைக்கு மின்சாரம் இல்லை என்பார். அரிசி தீர்ந்துபோச்சு என்பார். கடைக்குட்டியிடம் மட்டும், நிமிர்ந்து நில்லப்பா என்பார்.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு நாள் காலை, வாசலில் கார் வந்து நின்றது. ஐம்பது வயது இருக்கும் ஒரு ஜப்பான்கார அம்மாள் இறங்கினாள். கூடவே மொழி சொல்ல ஓர் இளம்பெண். செல்லக்கண்ணுவின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் அவள் பர்மிய மொழியை விட்டுத் தமிழுக்கு வந்தாள். தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"ஊலே, நானும் தமிழ்தான். ஜாஸ்லின். தின்கன்ஜூன்ல வீடு. இவங்க பேரு தனாகா."

மாமா, சித்தப்பா எல்லாருக்கும் பொதுவாகப் பர்மியர் சொல்கிற 'ஊலே' பழகின சொல்தான். அடுத்த சொல்தான் குழப்பியது. பர்மியப் பெண்கள் முகத்தில் அரைத்துப் பூசுகிற தனாக்காவையா சொல்கிறாள் என்று அந்த அம்மாளின் கன்னத்தைப் பார்த்தார். கன்னத்தில் ஒன்றும் இல்லை. ஜாஸ்லின் சிரித்துவிட்டு, அந்த அம்மாள் நீட்டிய அட்டையை வாங்கிக் காட்டினாள். அதில் ஜன்னலும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

செல்லக்கண்ணு, "வாங்கம்மா, வாங்க" என்று முன்னால் விறுவிறுவென்று நடந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லாகக் கூட்டிப்போய்ப் பதினொன்றையும் காட்டினார். "எல்லாரும் உங்க ஆளுங்கதான். ஒரு நாளும் நான் குறை வச்சதில்ல."

ஜாஸ்லின் அதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் கற்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல, ஜாஸ்லின் வார்த்தை தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"ஊலே, அவங்க தாத்தாவோட அண்ணன் மட்டும்தான் இங்க இருக்காராம். அந்த உயரமான கல்லு. மத்தவங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாதாம்."

"பேரு ஒண்ணாத்தானே இருக்கு?"

"அந்தப் பேரு அங்க ரொம்பச் சாதாரணமாம். பத்து லட்சம் பேருக்கு மேல இருக்காங்களாம். நாட்டுல நாலாவது இடமாம்."

செல்லக்கண்ணு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைக் கண்டு, அந்த அம்மாள் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினாள். மேலே இருப்பது வயல், கீழே இருப்பது நடு. வயலுக்கு நடுவில் என்று அர்த்தம். பழைய காலத்திலேயே சில ஊர்களுக்கும் சில பெரிய குடும்பங்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் சாதாரண சனங்கள் குடும்பப் பெயரை வெளியே சொல்லிக்கொள்ள அப்போது உரிமை கிடையாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரு குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. வயலோரம் குடியிருந்தவர்கள் நிறையப் பேர் இதையே எழுதிக் கொடுத்தார்கள்.

"ஜன்னல் இல்லியா?" என்றார் செல்லக்கண்ணு.

"இல்ல ஊலே. வரப்பு போட்ட வயலு."

வயல் கூலியின் மகனுக்கு அது உடனே கண்ணில் பட்டது. நாலு பாத்தி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரப்பு. இத்தனை வருஷம் எப்படித் தெரியாமல் போயிற்று?

அந்த அம்மாள் எழுந்து மற்றப் பத்துக் கற்களையும் வாசித்துச் சொன்னாள். ஒருவர் வடக்குத் தீவு, இருவர் ஒசாக்கா, ஒருவர் தெற்கே எங்கோ. கடைக்குட்டிக்குச் சாகும்போது வயது நாற்பத்தொன்று. பெரியண்ணனுக்குப் பத்தொன்பது.

உயரமான கல்லுக்கு முன்னால் அவள் ஊதுவத்தி கொளுத்தித் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். மற்றவர்களுக்கும் ஊற்றுவாளா என்று செல்லக்கண்ணு காத்திருந்தார். அவள் ஊற்றவில்லை. புறப்படும்போது அவள் அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டாள்.

"எங்களுக்கு அப்படி ஒண்ணு இல்லம்மா. அப்பா பேரைச் சேத்துச் சொல்லுவோம். மாரிச்சாமி மகன் செல்லக்கண்ணு."

"அப்போ உங்க பேரைச் சேத்துச் சொல்றவங்க யாருன்னு கேக்கறாங்க."

"யாரும் இல்ல."

ஜாஸ்லின் அதை ஜப்பான் மொழியில் சொல்லவில்லை. வேறு ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் குனிந்து வணங்கிவிட்டுக் காரில் ஏறினாள். ஜாஸ்லின் மட்டும் திரும்பி வந்து, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் வழக்கம்போல் கூட்டினார். கற்களிடம் பேச்சு வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்தே இராத பதினொரு பேரை உட்கார்த்திவைத்து இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. அவர்களும் தன்னந்தனியாகத்தான் கிடந்திருக்கிறார்கள். இப்படி ஒரு வாரம் போனது. எட்டாம் நாள், துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சின்னத்தம்பியைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் பாலம் தாண்டித் தன்லியினில் இறங்கினார்.

சின்னத்தம்பி வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு இருதயம்மாள் வெளியே வந்தாள்.

"அவர் வீட்டைக் காலி பண்ணி ஒரு வருஷம் ஆச்சே. மகன் மோல்மீனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். நீங்க யாரு?"

"மச்சான். அவரோட அக்கா வீட்டுக்காரன்."

"அந்த மாவ்பி மச்சானா? அக்காவைப் பத்திப் பேசி அழுவாரு. உங்களைப் பத்தியும் கேப்பாரு, இங்க யாருக்கு என்ன தெரியும்?"

போன் நம்பர் அவளிடம் இல்லை. யாராவது மோல்மீன் போனால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள். அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, செல்லக்கண்ணு மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

ஆடி மாதம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை ஜாஸ்லின் போன் செய்தாள். ஜப்பானுக்குப் போய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"ஊலே, நான் வேலை பாக்கற மாடியில மூணு தனாகா இருக்காங்க."

"சொந்தமா?"

"இல்ல. ரெண்டு பேரு டிவிக்குச் சண்டை போடுவாங்க. மூணாவது தாத்தா யாரோடயும் பேசமாட்டாரு."

"அவரைப் பாக்க ஆளு வருதா?"

"நான் வந்ததுலருந்து யாரும் வரல."

"நீ அவரை எப்படிக் கூப்பிடுவே?"

"மரியாதைக்கு, தனாகா சான்னுதான். கூப்பிட்டா மூணு பேரும் திரும்பிப் பாப்பாங்க."

இன்னும் கொஞ்சம் பேசுவாள் என்று நினைத்தார். அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. போனை வைத்துவிட்டாள். வெளியே மழை குறைந்திருந்தது. செல்லக்கண்ணு தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு கடைக்குட்டியின் கல்லை நோக்கி இறங்கினார். மழைக்காலத்தில் பாசி ஒரு நாள் விட்டாலும் ஏறிவிடும்.