ஏறத் தெரிந்த லிஃப்ட்காரர்

ஊராரையெல்லாம் உயரத்திற்கு ஏற்றிவிட்ட அந்த லிஃப்ட் பழுதுபார்ப்பவர் குடியிருந்தது என்னவோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில். எழுபதைத் தாண்டியபின் இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. செய்தி காதுக்கு எட்டியதும், மகள் தன் தரைத்தள வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டாள்.

அவருக்கோ நான்காம் மாடியைவிட்டு வர மனமில்லை. சில மாதம் தவணை கேட்டார்.

"நிக்காம ஏறணும், ஏறிக்கிட்டே எங்கிட்ட பேசணும். இல்லன்னா மூட்டை கட்டிடுங்கப்பா" என்று மகள் நிபந்தனை விதித்தாள்.

இயன்முறை மருத்துவரான பெண்மணி இரண்டு பயிற்சிகள் தந்தார். முதலாவது, பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் படியேறுதல். "பாட வேண்டாம்னாங்களே, அக்கம்பக்கத்துக்குப் புண்ணியம்" என்றார் மனைவி. மற்றது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருதல். எழுவதில் குறையில்லை, உட்காருவதுதான் தொப்பென்று முடிந்தது.

"என்னங்க, மெதுவான்னுதானே சொன்னாங்க?"

"ஆள் நிறைஞ்ச லிஃப்ட்டுக்கு ஏறுறதுதான்டி கஷ்டம். இறங்குறதை பூமி பார்த்துக்கும்."

"அப்ப பிரேக்கு எதுக்கு வெச்சிருக்காங்க?"

ஆயிரம் பிரேக்குகளைச் சோதித்தவருக்கு அக்கேள்வி உறைக்கவில்லை. படியிறங்கும்போதும் தம் எடையில் முக்கால் பங்கைக் கைப்பிடிக் கம்பியின் மேல் சாய்த்துவிடுவார்.

தேர்வு நாள் வந்தது. எதிர்வீட்டுக்காரரின் குறட்டையில் தொடங்கி உலக நடப்புவரை ஓயாமல் பேசிக்கொண்டே ஏறினார். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது மகளுக்குத்தான்.

"ஜெயிச்சிட்டீங்கப்பா! வாங்க, வெளியே போய்ச் சாப்பிடலாம்."

வெற்றிக் களிப்பில் கம்பியைத் தொடாமலேயே இறங்கினார். ஒரு மாடி கடப்பதற்குள் தொடைகள் கிடுகிடுவென நடுங்கின. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகள் அருகில் அமர்ந்தாள். "இப்ப என்ன சொல்றீங்க? எங்க வீட்டுக்கே வந்துடுறீங்களா?"

"எப்படிம்மா வர்றது? அதுக்கு இறங்கணுமே!"

அவர்களுக்குப் பின்னால் இறங்கி வந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அறையைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. ஆனால் புதிய நிபந்தனை பிறந்தது. அவள் வரும்போதெல்லாம், கம்பியைப் பிடிக்காமல் வாசல்வரை இறங்கி வழியனுப்ப வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று மூன்றாம் மாடிவரை இறங்கி, அங்கேயே நின்று கையசைத்தார்.

"வாசலுக்கு எப்பப்பா வருவீங்க?"

"அவசரப்படாதேம்மா. மெதுவா இறங்கணும்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க."