கொரங்கு லேபிள் ஒட்டுன மாசம்

ஏட்டி, பத்தாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கதையெல்லாம் எதுக்கு? உன் சின்ன அத்தையை மொதல்ல நான் வேண்டாம்னு சொன்னது நெசமான்னு கேக்க வந்துட்டா, பெரிய வக்கீலு! சரி உக்காரு. சொல்லாட்டி விடவா போற.

அப்ப நான் பட்டாசுக் கம்பெனியில டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தேன். அந்த மாசம் புஸ்வாணம் ஆர்டர். லேபிள்ல ஒரு பொண்ணு படம். அடியாத்தி, என்ன மூக்கு, என்ன கண்ணு! ஒரு பரு கெடையாது. நாள் முச்சூடும் அவ மூஞ்சியத்தான் நீவி நீவி ஒட்டுவேன். ஞாயித்துக்கெளமை ஏளாயிரம்பண்ணைக்கு உன் சின்ன மாமனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். பிள்ளை காப்பி கொண்டாந்துச்சு. பாத்தா மூக்கு சப்பை, நெத்தி ஒரு பக்கம் ஏறுன மாதிரி இருக்கு. "சுமாருதான், வேண்டாம்"னு தரகர்கிட்டச் சொல்லி விட்டுட்டேன்.

உன் மாமன் எங்கிட்டப் பேச்சை நிப்பாட்டிட்டான். "கட்டுனா அந்தப் பொண்ணு, இல்லாட்டி இப்படியே இருந்துக்கிறேன்"னுட்டான். வச்ச சோறு வச்சபடி கெடக்கும். நானும் எறங்கி வரலை.

அடுத்த மாசம் ஆர்டர் மாறிருச்சு. லேபிள் பூராம் பல்லை இளிச்சுக்கிட்டு ஒரு கொரங்கு. மூணு வாரம் அது மூஞ்சியத்தான் பாத்தேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கெளமை இருக்கன்குடி கோயிலுக்குப் போனா, அங்கன ஒரு பிள்ளை பொங்கல் வச்சுக்கிட்டு இருக்கு. ஆத்தாடி, செலை! பக்கத்துல குனிஞ்சு வெறகு தள்ளிக்கிட்டு இருந்த பொம்பளைகிட்ட, "இது யாரு வீட்டுப் பிள்ளை தாயி? என் மகனுக்குக் கேக்கலாமா?"ன்னேன்.

அவுக நிமுந்து பாத்தாக. பொண்ணோட ஆத்தா!

"போன மாசம் சுமாருன்னு சொல்லி விட்டீகளே, அதே பிள்ளைதான். இப்ப மட்டும் கண்ணு தெறந்துருச்சோ? நாங்க வேற எடம் பாத்துக்கிறோம், போங்க."

மகன் மொகம் கண்ணு முன்னால வருது. பொய் சொல்ல வாய் வரலை. லேபிள் கதையை, பொண்ணையும் கொரங்கையும், அப்படியே கொட்டிட்டேன். அந்த ஆத்தாவுக்குக் கோவம் கூடுச்சே தவிர குறையலை. ஆனா அந்தப் பிள்ளை கரண்டியும் கையுமா விளுந்து விளுந்து சிரிக்கிறா.

"அந்தக் கொரங்கு ஆர்டர் எப்ப அத்தை முடியுது?"

"இன்னும் பத்து நா இருக்கு தாயி."

"எம்மா, அதுக்குள்ள தட்டை மாத்திருங்க. அடுத்த லேபிள் என்ன வருமோ!"

ஆத்தாவும் சிரிச்சிட்டாக. ஒம்பதாம் நாள் தட்டு மாத்தியாச்சு.

தெருவுல விடுவாகளா? "வேண்டாம்னீகளே, எப்படி மனசு மாறுச்சு?"ன்னு கேட்டாக. "யாரு வேண்டாம்னது? பொண்ணு அம்புட்டு அழகு, நம்ம பயலுக்குக் குடுப்பாகளான்னுல்ல யோசிச்சேன்"னு சொல்லிட்டேன்.