பாலாவியில் இடப்பக்கம்

மடு மாதா கோயிலுக்குப் போகும் வழியில், பாலாவிச் சந்திக்கு அப்பால் ஒரு லொறி குடைசாய்ந்து கிடந்தது. எங்களுக்கு முன்னால் இருபத்தேழு வாகனங்கள். இரண்டு மணித்தியாலமாவது ஆகும் என்றார் பொலிஸ்காரர்.

வேனை ஓட்டியவள் என் மகள். லைசன்ஸ் எடுத்து நான்கு மாதம். வழியில் ஏதாவது பிசகினால் ஒரு டிரைவரைப் பிடிப்போம், நீ பின் சீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கொட்டாஞ்சேனையில் புறப்படும்போதே சொல்லியிருந்தேன்.

"இங்க நிண்டு புகை குடிக்கிறதா? இடப்பக்கம் போனா கல்பிட்டி. பாத்திட்டு வருவம்" என்று வேனைத் திருப்பினாள்.

"கேட்டுத் திருப்பக் கூடாதா?"

"கேட்டா நீங்க வேணாம் எண்டுவீங்க."

மனைவி சிரித்தாள்.

குடாநாடு என்றால் கொழும்பில் நாங்கள் யாழ்ப்பாணத்தைத்தான் நினைப்போம். இங்கே இன்னொன்று இருந்தது. வலப்பக்கம் அசையாத களப்பு நீர்; இடப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் இரைகிற கடல்; நடுவே வெங்காயப் பாத்திகள். காற்றாலைக் கோபுரங்களை எண்ணத் தொடங்கிப் பதினொன்றில் விட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பின்னால் தெரிவதே கடல் என்று இருந்தவன் நான்.

கரைக்கு இறங்கிய மண் பாதையில் பின் சக்கரம் புதைந்தது. வலை காயவைத்துக்கொண்டிருந்த நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

"ஐயா, புள்ளைய எறங்கச் சொல்லுங்க. நா எடுத்துத் தாரேன்" என்றார் மூத்தவர்.

மகள் என்னைப் பார்த்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் தலையசைத்தால் இறங்கிவிடுவாள். பிறகு ஒருநாளும் வேனைத் தொடமாட்டாள்.

"அவவே எடுக்கட்டும் தம்பி."

"அப்ப தள்ளுறது நாங்க, பேரு அவவுக்கா?"

"தள்ளுங்க நானா, பேர்ல பாதி தாறன்" என்றாள் மகள், அந்த ஊர் வழக்கில் அவரை அண்ணனாக்கி.

இறங்கிப் போய் டயர்களில் கொஞ்சம் காற்றைக் குறைத்தாள். ஏறி, எஞ்சினை உறுமவிடாமல் மெல்ல எடுத்தாள். அவர்கள் முழுப் பலத்தையும் போடுமுன்பே வேன் மேடேறிவிட்டது. "பாதியும் வேணாம், முழுசும் ஒனக்குத்தான்" என்றார் மூத்தவர். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

யாத்திரை போகும் வேனில் டிரைவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரிப்பது எங்கள் தெரு வழக்கம். தென்னை நிழலில் மனைவி முதல் பார்சலை, வீட்டில் செய்வதுபோல, என்னிடம் நீட்டினாள்.

"டிரைவருக்குக் குடும்" என்றேன்.

மகள் வாங்கிக்கொண்டாள். கடலைப் பார்த்தபடி மிக மெதுவாகச் சாப்பிட்டாள். நாங்கள் இருவரும் பசியோடு காத்திருந்தோம். நான் அவசரப்படுத்தவில்லை.