சுழி பார்த்தவர்

“ஏத்தா, ஆம்பளைகளே இந்தக் குதிரைகிட்டப் போகப் பயப்படுறாக. நீ என்னத்தக் கிழிக்கப் போற?”

கோம்பையில் அந்த ரேஸ் குதிரைக்காரர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது கால்நடை மருத்துவர். கையுறையை மாட்டினேன்.

ஒல்லியான மனிதர், தலையில் பச்சைத் துண்டு. அவர் விரல் எப்போதும் குதிரையின் நெற்றிச் சுழியைத் தடவிக்கொண்டே இருக்கும். வயதாகிவந்த அந்தப் பெட்டைக்குக் கருவூட்ட அதுதான் சரியான நேரம் என்று ஸ்கேன் காட்டியது. இருந்த ஒரே டோஸ் உறைவிந்தை வெதுவெதுப்பான நீரில் உருக்கினேன். உடனே செலுத்தியாக வேண்டும். அவர் குறுக்கே வந்து நின்றார்.

“அப்பன் குதிரைக்கு என்ன சுழின்னு பாக்காம ஏத்தக் கூடாது.”

“ஐயா, வீணாப் போயிரும்!”

“சுழி சரியில்லைன்னா குடும்பமே கெட்டுரும் ஆத்தா.”

அவர் யாருக்கோ போன் போட்டு, ஆண் குதிரையின் படம் வந்து சேர்வதற்குள் விந்து செத்துவிட்டது. மறுநாள் டீக்கடையில், “அந்தப் புள்ளைக்குக் கைராசி இல்ல” என்றாராம். கைராசியாம்! ஐந்தரை வருடம் நான் படித்தது ராசியையா? தன் சோற்றைக் குதிரைக்கு ஊட்டுகிற மனிதர், அதற்கு வரவேண்டிய குட்டியைத் தானே தடுத்தது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு டோஸ் கேட்டு எழுதிவிட்டேன். இம்முறை அப்பன் குதிரையின் படத்தை முதலிலேயே காட்டி, சம்மதம் என்று அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.