மூடியைத் திறக்குமுன் ஒரு மூச்சு

பெயின்டருக்கு வாசனை தெரியாமல் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. காற்றோட்டமில்லாத அறைகளில் காலம் தள்ளியதன் பலன். அது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அவருக்கு வரும் வேலையோ முக்கால்வாசி வீட்டுக்குள்தான்: வாசல் வழியே வெளியே வராத அலமாரி, கழற்ற முடியாத கட்டில்.

அதனால் இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அவர் சாமான்களை ஒதுக்கி, கைப்பிடிகளைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து வைப்பார். அவள் அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அறை வாசலில் நின்று, கேஸோ வேறெதுவோ கசிந்த வாடை இருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்து, "ம்" என்பாள். அதன் பிறகே டப்பாவின் மூடியை நெம்புவார். பார்க்கிறவர்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. தெருவில் அவருக்கு 'அம்மா உத்தரவு' என்றே பெயர்.

அன்று டீச்சர் வீட்டு மர அலமாரி. கீழே பழைய போர்வை விரித்தாகிவிட்டது. பலகையில் கையை ஓட்டி, சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, இன்னும் உத்தரவு வரலையா?" என்றார் டீச்சரின் கணவர், நாற்காலியில் இருந்தபடி.

"வரும் சார். உங்களுக்கு வர்ற மாதிரி உடனே வராது, கொஞ்சம் லேட்டாகும்."

சமையலறையில் டீச்சர் சிரித்தது கேட்டது.

மனைவி வாசலில் வந்து நின்றாள். "ம்" என்றாள்.

பெயின்டர் திருப்புளியை மூடிக்கு அடியில் கொடுத்தார். கொடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவள் பக்கத்திலேயே நின்றும் பால் அடிப்பிடித்துப் போனது. ஏதோ யோசனையில் இருந்தாள் என்று விட்டுவிட்டார்.

கை நின்றது. பக்கத்தில் இருந்த தன் சாமான் பையைத் தூக்கினார். அதன் அடி ஈரம். உள்ளே பெயின்டில் கலக்கும் தின்னர் கேன் சாய்ந்து கிடந்தது, மூடியில் விரிசல். போர்வையில் பெரிதாக ஈரம் படர்ந்திருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் டீ போடறேன்," என்றார் டீச்சர். லைட்டரை எடுக்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர், பத்த வைக்காதீங்க. கையை எடுங்க." குரல் அவருடையது மாதிரியே இல்லை.

லைட்டரோடு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு வாடை வருதா?"

"அப்பவே வந்துச்சே. பெயின்ட் வேலைன்னா வராதா?" என்றவர், அவர் முகத்தையே பார்த்தார். "ஏன், உங்களுக்கு வரலையா?"

"அவருக்குச் சளி..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"சளி உனக்குத்தான்," என்றார் பெயின்டர். "எனக்கு மூக்கே இல்ல டீச்சர். ரொம்ப நாளாச்சு. இவதான் எனக்கு மூக்கு."

டீச்சரின் கணவர் எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்தார். கேனையும் போர்வையையும் பெயின்டர் வெளியே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, கழற்றிய கைப்பிடிகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார்.

"வேற ஆள் பாத்துக்குங்க. தேய்ச்ச வரைக்கும் இருக்கட்டும்."

"பாதியில விட்டுட்டுப் போறதுக்கா என் துணியெல்லாம் வெளிய எடுத்துப் போட்டீங்க?" என்றார் டீச்சர். "நாளைக்கு வாங்க. புது கேனோட வாங்க. இவங்க வீட்ல படுத்துக் கஷாயம் குடிக்கட்டும்."

"வாசல்ல நிக்க ஆள் வேணுமே டீச்சர்."

"எனக்கு மூக்கு இருக்குல்ல?"

மறுநாள் அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடிவிட்டு டீச்சர் வாசலில் வந்து நின்றார். பெயின்டர் திருப்புளியோடு குந்தியிருந்தார். டீச்சர் ஒரு தடவை மூச்சை இழுத்தார். திருப்தியில்லை போல; உள்ளே வந்து கேன் அருகே குனிந்து இன்னொரு தடவை இழுத்தார்.

"திறக்கலாமா டீச்சர்?"

"இருங்க. அவசரப்படுத்தாதீங்க."

"இதுக்கு அவளே தேவலை," என்று முணுமுணுத்தார் பெயின்டர். ஆனால் மூடியைத் தொடவில்லை.