ஹெட்செட் மாட்டினால் கூப்பிடக் கூடாது

நாங்கள் இருப்பது பிரான்சில். போன கோடை விடுமுறைக்கு ஆறு வயது மகள் ஜெனியோடு மரக்காணத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதம் லீவு கிடைக்காததால் அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தேன். நெட் எப்போது போகுமோ என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் அலைவேன். ஒரு நாளும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. அந்த எரிச்சலில், "அம்மா ஹெட்செட் மாட்டியிருந்தா கூப்பிடக் கூடாது" என்று ஜெனியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

ஒரு மதியம் வீடியோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். பாரிஸில் இருந்த மேனேஜர் குறுக்கிட்டு, "உங்கள் பின்னால் குழந்தை அழுகிறாள்" என்றார்.

திரும்பினேன். உடம்பெல்லாம் சேறாக, கண்களை இறுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஜெனி அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் உப்பளத்தில் வழுக்கி, பாத்தித் தண்ணீரில் குப்புற விழுந்திருக்கிறாள்.

என் அலறல் கேட்டு ஓடிவந்த அண்ணி, குடம் குடமாக நல்ல தண்ணீரை ஊற்றிக் கண்களைக் கழுவினார். "பாத்தித் தண்ணி கண்ணுல பட்டா நெருப்பா எரியும்மா. எப்படித்தான் பொறுத்துக்கினு நின்னாளோ" என்றார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார். பாரிஸில் இருந்தவர் பார்த்ததை, அதே அறையில் இருந்த நான் பார்க்கவில்லை.

"ஏன் கண்ணு என்னைக் கூப்பிடல?"

"நீ ஹெட்செட் மாட்டியிருந்தியேம்மா."

இப்போது ஒரு காதில் மட்டும்தான் மாட்டுகிறேன். எந்த மீட்டிங்காக இருந்தாலும் கூப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஜெனி பக்கத்தில் வந்தால், முதலில் என் காதைத்தான் பார்க்கிறாள்.