விலை போடாத மரங்கள்

நாடே எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் வீட்டில் மற்றவர்கள் காசை ஒளித்துவைப்பார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் மனைவியின் சீதனக் காணியில் பதினொரு மரமுந்திரிகைகள் நின்றன. முதலில் நான்கை வெட்டிக் கரி சுட்டு, காத்தான்குடிச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது. லாபம் வந்தால் மிச்ச ஏழு மரத்தையும் வெட்டுவது. மனைவி நான்குக்கு மட்டும் சம்மதித்தாள். நான் அவளுக்குச் சொல்லாமல் அந்த ஏழையும் அறுத்துத்தர மரம் அரியும் வாள்காரரிடம் கூலிக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன்.

கரி சுடத் தெரிந்த ஒருவரை வாகரையிலிருந்து கூட்டிவந்தேன். என்னைவிட இளையவர். விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் அப்பி, அடியில் தீ வைத்தார். காற்றுப் புகாமல் உள்ளே வேகவேண்டும். மண் வெடித்தால் உடனே மண்ணாலேயே அடைக்கவேண்டும். மூன்றாம் நாள் அவர் சாப்பிடப் போனார், காவலுக்கு நான். மண் ஓரிடத்தில் உள்வாங்கி, முழ உயரத்துக்கு நெருப்பு எழும்பியது. மண்வெட்டி என் காலடியில்தான் கிடந்தது. நான் கிணற்றுக்கு ஓடினேன். வாளி வாளியாக ஊற்ற, மண் கரைந்து துவாரம் பெரிதானது. நான் கத்தியது எனக்கு நினைவில்லை. வாவிக்கு அக்கரையில் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அவர் சோற்றுக் கையோடு ஓடிவந்து மண் போட்டு அடைத்தார்.

"அண்ணன், அந்தத் தண்ணிய உங்கட தலையில ஊத்தியிருந்தா கரி தப்பியிருக்கும்."

"பயந்திட்டன் தம்பி."

"ஓம், தெரியுது. இடுப்பில கட்டியிருந்த சாரன் எங்க?"

சாரன் கிணற்றடியில் கிடந்தது.

சூளையைப் பிரித்தோம். பதினைந்து சாக்கு எதிர்பார்த்த இடத்தில் ஒன்பது. மிச்சம் சாம்பல். விற்ற காசில் வெட்டுக்கூலி, சுட்ட கூலி, சாக்கு, உழவு இயந்திர வாடகை எல்லாம் கழித்தபின் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. பதினைந்தும் வந்திருந்தால் நல்ல லாபம் என்று மனைவியிடம் கணக்கெழுதிய தாளைக் காட்டினேன்.

"மரத்துக்கு என்ன விலை போட்டீங்க?"

"மரம் நம்மடதானே. அது சும்மா."

"வருசா வருசம் கொட்டை தந்த மரம். மகள்ர ரியூசன் காசு அதில இருந்துதானே கட்டினம்?"

பேனையை வாங்கி, பதினைந்து சாக்குக்கும் அவளே கணக்குப் போட்டாள். அந்த லாபம் இரண்டு வருடம் கொட்டை விற்ற காசுக்குக்கூட ஈடாகாது. எங்கள் பக்கம் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இடையில் வந்து குடியிருக்கிற ஆள் நான். என் மகளின் மரங்களைத்தான் சும்மா என்று எழுதியிருந்தேன்.

முற்பணம் கொடுத்ததையும் தொகையையும் அப்போதுதான் சொன்னேன்.

"எத்தின மரத்துக்கு?"

"ஏழுக்கும்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் சமாளித்திருப்பேன். போனை என் பக்கம் நகர்த்தினாள்.

மரம் வெட்டவேண்டாம் என்று சொன்னதற்கு, முற்பணம் திரும்பாது என்றார் வாள்காரர்.

"வச்சிக்கங்க. மரத்துப் பக்கம் வராதீங்க," என்றேன்.

போனை வைத்தபோது, அந்தத் தொகையையும் அவள் தாளில் செலவாக எழுதிக்கொண்டிருந்தாள்.